மசூது மெல்லாத பழம்

தென்காசியில் எங்கள் தெரு முழுக்க மசூதை ‘எலி டாக்டர்’ என்றுதான் சொல்லும். அவன் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வெள்ளை எலிகளுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, டாக்டரம்மா ஊசி போடும்போது எலியைப் பிடரியோடு பிடித்துக் கொடுக்கிற வேலை. சர்க்கார் சம்பளம் என்பதால் எங்கள் கேலியில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கூடத்தில் எச்சில் சுரப்பியில் குடியிருக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். லீவில் வரும்போது மசூது என்னிடம் சொல்வான். வைரஸ் உள்ள எலி பார்வைக்கு நன்றாகவே இருக்குமாம். தின்னும், ஓடும், குட்டி போடும். அதன் எச்சில் சுரப்பியை அரைத்து, அந்தச் சாற்றைச் சின்ன எலியின் வயிற்றில் ஊசியாகப் போட்டால், சில நாளில் அது மயிர் சிலிர்த்து மூலையில் ஒடுங்கிவிடும். அறுத்துப் பார்த்தால் ஈரலெல்லாம் வெளிறிய புள்ளி, மண்ணீரல் கெட்டுப்போய்க் கிடக்கும்.

“மருந்து ஒண்ணும் கெடயாதுலே. நாங்க பாத்துக்கிட்டே இருப்போம், அது செத்துப்போவும்” என்பான். சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போவான்.

அவனைக் கடித்த எலியும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருக்கிறார். படித்தவர்கள் ஆளைத் தேற்ற அப்படித்தான் சொல்வார்கள் என்று இவன் நினைத்துக்கொண்டான். கல்யாண வீட்டில் ஒரே தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது மசூது மட்டும் தனித் தட்டு கேட்பான். “தொரைக்குத் தனிப் பந்தி போடுங்கலே” என்று நாங்கள் சிரிப்போம். தன் வாயை நினைத்துத்தான் அவன் ஒதுங்கினான் என்பது எங்கள் மரமண்டைக்கு ஏறவில்லை.

அவனுக்கென்று இருந்தது தங்கை ஜைனப் ஒருத்திதான். தாய் தகப்பன் போன பிறகு அவளை வளர்த்து, ஐந்தருவியில் சீசன் கடை போடும் சேக் தாவூதுக்குக் கட்டிக்கொடுத்தான். இரண்டு தடவை கரு தங்காமல் போய், மூன்றாவதாக அறுபத்திரண்டாம் வருஷத்துச் சாரல் சீசனில் பெண் பிள்ளை பிறந்தது. மசூது லீவு போட்டு வந்திருந்தான்.

பிள்ளை பிறந்ததும் பேரீச்சம்பழத்தை மென்று அந்த இனிப்பை அதன் வாயில் தொட்டு வைப்பார்கள். சேனை என்று பெயர். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஜைனப் நல்ல பழமாகப் பார்த்து ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருந்தாள்.

“நீதாம்ண்ணே வைக்கணும். ஒன் கொணம் வரட்டும்.”

மசூது பழத்தை வாங்கினான். வாய்வரை கொண்டுபோய், திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டான்.

“என் வாய் வேண்டாம்ட்டி. வேற யாராவது வைக்கட்டும்.”

“நீ வைக்கலன்னா யாரும் வைக்க வேண்டாம்” என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிள்ளைக்கு யாருமே சேனை வைக்கவில்லை. சேக் தாவூது அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாளே பிள்ளை மஞ்சளாகிவிட்டது. உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டுகள். மசூது மெதுவாக அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். இரண்டு விலாவுக்குக் கீழேயும் கல்லாக இருந்தது. அவன் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

டாக்டர் குத்தாலிங்கம் வந்து பார்த்தார். மசூது எலிக்கதையைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். “ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கு. நீங்க சொல்லுத மாதிரியும் இருக்கலாம். இருந்தாலும் எங்கிட்ட என்ன இருக்கு தம்பி, செய்யுததுக்கு?” என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கடைசியில் தபாலாபீஸுக்குப் போய் மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டோம். காத்துக் கிடந்து லைன் கிடைத்தது. நான் காதை ஒட்டி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

“எலியோட வைரஸ் மனுஷங்களுக்கு வராது மசூது. நீ காரணமே இல்ல” என்றார் டாக்டரம்மா. “மனுஷங்களுக்கு அதே இனத்துல வேற ஒண்ணு இருக்கு. அதுவா இருந்தா, வயித்துல இருக்கும்போதே தாய்கிட்டேருந்து பிள்ளைக்குப் போயிருக்கும். தாய்க்கு ஒண்ணுமே தெரியாது.”

“மருந்து?”

“இல்ல மசூது.”

அவன் திரும்பத் திரும்ப அதையே கேட்டான். அவரும் அதையே சொன்னார். சாரலில் நனைந்துகொண்டே திரும்பி வந்தோம். “தாய்கிட்டேருந்து போயிருக்கும்னு ஜைனப்கிட்ட சொல்லாதலே. எந்தக் காலத்திலயும் சொல்லாத” என்றான். நான் வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்குள் போனதும் டப்பாவைத் திறந்து பழத்தை எடுத்து மென்றான். அழுதுகொண்டே மென்றான். விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தான். பால் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளை, நாக்கை லேசாக அசைத்தது. அன்று சாயங்காலம் மௌத்தாகிவிட்டது.

ஊர் சும்மா இருக்குமா? தாய்மாமன் சேனை வைக்க மறுத்ததால்தான் பிள்ளை தங்கவில்லை என்று தெரு முழுக்கப் பேச்சு. என் வீட்டிலேயே பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவனுக்குக் கொடுத்த வார்த்தைக்காக வாயைத் திறக்கவில்லை. மசூதும் திறக்கவில்லை. மெட்ராஸுக்குப் போய் அதே எலிகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சாரலுக்கு வந்தபோது ஜைனப் எங்கள் இருவருக்கும் காப்பி கொண்டு வந்து வைத்தாள். போகாமல் கதவருகே நின்றாள்.

“ஒண்ணு கேக்குதேன், மறைக்காமச் சொல்லணும். நீ அன்னைக்கே சேனை வச்சிருந்தா எம்பிள்ள பொழச்சிருப்பால்லாண்ணே?”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் காப்பியைக் கீழே வைத்தான்.

“பொழச்சிருப்பாட்டி” என்றான்.