லா சப்பலில் காப்பி குடித்த பிலிம்

பிலிமைக் காப்பியில் கழுவலாம் என்று பேராசிரியர் சொன்னதும், காப்பி என்றால் கும்பகோணத்து பில்டர் காப்பிதானே என்று முடிவுகட்டிய மேதை நான். அம்மா கொடுத்தனுப்பிய சிக்கரி கலந்த பொடியில் டிகாக்‌ஷன் இறக்கி, முதல் பிலிமை நனைத்தேன். முப்பத்தாறில் ஒரு படம்கூடத் தேறவில்லை. அறை மட்டும் கல்யாணவீடு போல மணத்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதரை. சென் தெனியில் இரண்டரை யூரோ டிக்கெட்டுடன் ரயிலேறினேன். அடுத்த நிறுத்தம் கார் து நோர். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் தமிழ்க் கடைகள் வரிசைகட்டிய லா சப்பல். திங்களன்று வகுப்பில் ஒரு தம்பதியின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டியாக வேண்டும். கேமராவில் இருந்த இரண்டாவது பிலிமில் மிச்சமோ ஒரே ஒரு படம்.

வழக்கமாகப் போகும் பலசரக்குக் கடையில் நுழைந்து, "உள்ளதிலேயே மட்டமான இன்ஸ்டன்ட் காப்பி குடுங்கண்ணே" என்றேன்.

கடைக்கார அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். "ஏன் தம்பி, பிடிக்காத ஆக்கள் ஆரும் வீட்டை வரீனமோ?"

காரணத்தைச் சொன்னேன். தம்பதி என்றதும் அண்ணை தலைசீவக் கிளம்பிவிட்டார். கல்லாவில் இருந்த அவர் மனைவி நிமிரவே இல்லை. "நான் படத்துக்கு நிக்கிறேல்லை."

"கலியாணத்துக்குப் பிறகு எங்கடை படமெண்டு ஒண்டுமில்லையப்பா!" என்று அண்ணை கெஞ்சினார். கூடவே நானும் கெஞ்சினேன்.

"ஒருக்கால்தான். வடிவா வந்தால் காட்டும். இல்லாட்டிக் கிழிச்சுப்போடும்" என்றார் அக்கா.

கடை வாசலில், முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவே இருவரையும் நிறுத்தினேன். அண்ணை மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்தார். அதைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சமயத்தில் அமுக்கினேன்.

பதினொரு மணி. படத்தை உடனே பார்க்க வேண்டுமென்று அண்ணை பின்னறையைத் திறந்துவிட்டார்; கழுவும் சாமான்கள் என் பையிலேயே இருந்தன. பிலிமைக் கறுப்புப் பைக்குள் கைவிட்டு, வெளிச்சம் புகாத டப்பாவில் ஏற்றினேன். அங்கேயே காப்பித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி மூன்றையும் வெந்நீரில் கரைத்து ஆறவைத்தேன். எழுந்த நாற்றம், நனைந்த நாய் காப்பி குடித்துவிட்டு ஏப்பம் விட்டது போல இருந்தது.

"என்ன அண்ணை, கருவாடு பழுதாப்போச்சோ?" என்று முன்பக்கமிருந்து ஒரு வாடிக்கையாளர் குரல் கொடுத்தார்.

கரைசலை டப்பாவில் ஊற்றி, நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். "இஞ்சை தாரும், நான் செய்யிறன்" என்று அண்ணை பிடுங்கிக்கொண்டார். பிளேன்டீயை நுரைக்க வைக்கிறவர் போலக் குலுக்கித் தள்ளினார்.

"அண்ணே, நுரை வந்தா புள்ளி விழும்!"

"பயப்பிடாதையும். பதினைஞ்சு வருசம் ரெஸ்தோறோன்ரிலை சமையலிலை நிண்டனான்."

கால் மணி கழித்துக் கரைசலைக் கொட்டினேன். படத்தை நிலைக்க வைக்கும் மருந்தை ஊற்றி எடுத்து, பிலிமைத் தண்ணீரில் அலசினேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கைபேசியில் படமெடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினேன்.

படம் விழுந்திருந்தது! வாய்விட்டுச் சிரிக்கும் அக்கா. கன்னத்துக் குழிவரை துல்லியம். பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அண்ணை. நுரையெல்லாம் தேடிப்பிடித்து அவர் முகத்தில்தான் ஒட்டியிருந்தது. அம்மை வார்த்தது போலக் கரும்புள்ளிகள்.

அக்கா கைபேசியை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"வகுப்புல காட்டலாமாக்கா?"

"இவரை வெட்டிப்போட்டுக் காட்டும்."