ஜுரம் வராத பட்டம்மாள்

எழுபது வயதுவரை பட்டம்மாளுக்கு ஜுரமே வந்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவள் கூச்சப்பட்டதும் இல்லை. அவள் தங்கியிருந்த காஞ்சிபுரத்து முதியோர் இல்லத்தில், எழ முடியாதவர்களுக்கு அவள்தான் தயிர்சாதம் பிசைந்து ஊட்டுவாள். ஸ்பூனை நீட்டினால், "பட்டு நூல் சுத்தின கைம்மா இது" என்று தள்ளிவிடுவாள்.

1969இல் அங்கே ஆறு பேர் டைபாய்டில் படுத்தார்கள். எல்லோருடைய மலத்தையும் சோதித்ததில், திடமாக நடமாடிய பட்டம்மாளின் குடலிலும் அதே கிருமி இருந்தது.

"உங்களை ஒண்ணும் செய்யாம உள்ளேயே தங்கிக்கினு இருக்குது. உங்க கை வழியா மத்தவங்களுக்குப் போயிருக்குது" என்றாள் நர்ஸ் காந்தா.

பட்டம்மாள் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டாள். மறுநாள் சோறு பிசையும் பக்கமே போகவில்லை.

அன்று வந்த டாக்டர், "யாரை மொதல்ல பாக்கணும்?" என்று கேட்டார். பட்டம்மாள் நிமிர்ந்து முன்னால் வந்தாள்.

"என்னைப் பாரு நைனா. அவங்கள்லாம் என் கையால சாப்ட்டுப் படுத்தவங்க."