மேரி அக்கா வண்டியில் பாட்டு போடவில்லை

மேரி அக்கா செத்துவிட்டார்.

நேற்றுக் காலை. கம்பம்மெட்டு தாண்டி எஸ்டேட்டுக்கு வேலையாட்களை ஏற்றிப் போன ஜீப் இறக்கத்தில் கவிழ்ந்து...

இயற்கை எய்தினார் என்றெல்லாம் எனக்கு எழுத வராது. பிரேக் பிடிக்காத ஜீப்பில் ஆடு மாடு மாதிரி ஆளை அடைத்து அனுப்பினால் அதில் இயற்கை எங்கே இருக்கிறது?

இன்று காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் சுற்றுகிறது. வண்டியில் சத்தமாக டிஸ்கோ மியூசிக் போட்டு ஆடியதால் டிரைவருக்குக் கவனம் சிதறியதாம். போட்டது மேரி அக்காவாம்.

அதனால்தான் எழுதுகிறேன். அழுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் கல்யாணத்துக்கு முன்னால் நானும் அவரும் ஒரே ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தோம். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து காய் பிரிக்கிற வேலை. பெரியது தனி, சின்னது தனி.

ரேடியோவில் சினிமாப் பாட்டு வைத்தால் சூப்பர்வைசருக்கு ஆகாது. "வாய் பாடுனா கை நின்னுருது" என்று ஒருநாள் ரேடியோவையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அக்கா ஒரு டேப் ரிக்கார்டரும் கேசட்டுமாக வந்தார். அவருடைய அண்ணன் துபாயில் இருந்தபோது வாங்கி வந்த பழைய கேசட்.

எழுபதுகளின் டிஸ்கோ... ஆனால் பாடுகிற ஆளே கிடையாது. டிரம்ஸ் ஒரே சீராகக் குதிக்கும், அடியில் பேஸ் கிடார் உருளும், திடீரென்று வயலின்கள் எல்லாம் கூட்டமாக மேலே ஏறும்.

"இதுல வாய்க்கு வேலையில்ல சார். கைக்கு மட்டுந்தான்." சூப்பர்வைசர் நின்று பார்த்தார். பிறகு அடுத்த வரிசையைப் பார்க்கப் போய்விட்டார்.

அட்டையில் எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. அதனால் நாங்களே பேர் வைத்தோம். கீபோர்டு விசில் அடிக்கிற டிராக்குக்கு 'குக்கர்'. கிடார் வக்கா வக்கா என்று பேசிக்கொண்டே இருப்பது 'மாமியார்'.

அக்காவுக்கு ரொம்பப் பிடித்தது, டிரம்பெட்டுகள் கிளம்பி வருகிற ஒன்று. அதற்குப் பேர் 'சம்பள நாள்'. அது வந்தால் உட்கார்ந்தபடியே தோள் ஆடும்.

வீட்டுக்காரர் இறந்த அடுத்த வருஷம், சர்ச் திருவிழாவில் அந்த டிராக்கைப் போட்டு அக்கா ஆடினார். கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, தாலி அறுத்தவளுக்கு இந்தப் பாட்டெல்லாம் தேவையா என்று கேட்டார்.

"வார்த்தையே இல்லாத பாட்டுல என்ன கெட்ட வார்த்தையக் கண்டீக?" என்று கேட்டுவிட்டு முழுசாக ஆடி முடித்தார் அக்கா.

அவர்தான் மேரி அக்கா. ஆமாம், ஆடுவார். ஆனால் நேற்று ஆடவில்லை.

இப்போது ஜங்ஷனில் நானும் என் வீட்டுக்காரரும் மொபைல் கடை வைத்திருக்கிறோம். கேசட்டை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தது நாங்கள்தான். ஒரு சின்ன ஸ்பீக்கரில் அதைப் போட்டுச் சாப்பாட்டுப் பையில் கொண்டுபோவார்.

போன வாரம் அதன் சார்ஜ் பின் உடைந்து, ரிப்பேருக்குக் கொடுத்தார். "அவசரமில்ல ஜான்சி, ஞாயித்துக்கிழம தந்தாப் போதும்" என்றார்.

அந்த ஸ்பீக்கர் இன்னும் என் மேஜையில் திறந்து கிடக்கிறது. எந்த ஸ்பீக்கரில் பாட்டு போட்டாராம்?

ஜீப் ஸ்டாண்டு என் கடைக்கு நேர் எதிரே. முந்தாநாள் காலை ஜீப் முதலாளியிடம் அக்கா சொன்னதை நான் காதால் கேட்டேன்.

"மொதலாளி, இறக்கத்துல பிரேக்கு புடிக்கமாட்டேங்குது. வண்டிய மாத்துங்க."

"பயமா இருந்தா நடந்து வா" என்றார் அவர்.

இன்று மத்தியானம் அந்த மனிதர் துக்க வீட்டுக்கு மாலையோடு வந்தார். அங்கேயும் அதே கதை. "நல்ல பொம்பளதான். என்ன, பாட்டுப் பைத்தியம். டிரைவர் பாவம் என்ன பண்ணுவான்?"

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் மகள் ஷீபா என் கையைப் பிடித்துக் கேட்டாள். "அக்கா... அம்மா பாட்டாலதான் இத்தன பேருக்கும் அடிபட்டுச்சா?"

அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மொதலாளி, ஸ்பீக்கரு என் கடையில கெடக்கு. பிரேக்க எங்க வச்சிருக்கீக?" என்றேன். வீடே கேட்டது. மாலையை வைத்துவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் வந்த செல்வி, கை முறிந்து கிடக்கிறாள்.

"பாட்டா? என்ன பாட்டு? 'கம்பியப் புடிங்கடி, கம்பியப் புடிங்கடி'ன்னு அக்கா கத்துனதுதான் கேட்டுச்சு. என் தலைய அவுக மடியில அமுக்கிக்கிட்டாக..." என்றாள்.

சாயங்காலம் ஸ்டேஷனில் போய், கேட்டதையும் பார்த்ததையும் சொன்னேன். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இங்கே கேரளாவில் வாக்குமூலத்துக்கு 'மொழி கொடுப்பது' என்று பேர். வார்டிலேயே வந்து செல்வியிடமும் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கும்வரை விடமாட்டேன்.

அந்த மெசேஜை ஃபார்வர்டு செய்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறீர்கள். அக்கா கையால் பிரியாணி சாப்பிட்டவர்களும் இருக்கிறீர்கள். டெலீட் பண்ணினால் போதாது. எந்த குரூப்பில் போட்டீர்களோ அதே குரூப்பில், பொய் என்று எழுதுங்கள்.

நாளைக் காலை சர்ச்சில் பூசை, பிறகு அடக்கம். வருகிறவர்களுக்கு அந்த முதலாளி இலவசமாக ஜீப் விடுகிறாராம்.

ஏறாதீர்கள். பஸ்ஸில் வாருங்கள்... இல்லையென்றால் நடந்து வாருங்கள்.

போய் வாங்க அக்கா. ஷீபா எங்களோடு இருக்கிறாள்.