அம்மாவின் ஜெபக் குறிப்பு

மழையில் நனைந்த கம்பளிச் சால்வைகள் ஒரு சின்ன அறைக்குள் ஒன்றாகக் காயும்போது எழும்பும் வாசனை, விறகுப் புகையும் ஈர ரோமமும் கலந்த அந்த வாசனைதான் எனக்குப் புதன்கிழமை. ஊட்டி காந்தலில் எங்கள் "ஊடு" இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் கொண்டது. அதன் முன்னறையில் புதன்தோறும் சாயங்காலம் சபைப் பெண்கள் கூடி ஜெபிப்பார்கள். ஜெபம் முடிந்ததும் டீயும் மொறுமொறுவென்ற "வர்க்கி" ரொட்டியும் உண்டு என்பதால் பள்ளிவிட்டு ஓடிவந்து ஒரு மூலையில் பக்தியோடு உட்கார்ந்துகொள்வேன். என் பக்தி அவ்வளவும் வர்க்கிமேல்தான் என்பது ஆண்டவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

பாட்டும் வாசிப்பும் முடிந்த பிறகு, "யாருக்காச்சும் ஜெபக் குறிப்பு இருக்குதுங்களா?" என்று பாஸ்டரம்மா கேட்பார். ஒவ்வொருவரும் தங்கள் குறையைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதற்காக ஜெபிக்க வேண்டும் என்பது வழக்கம். மகளுக்கு வரன் அமையாதது, உருளைக்கிழங்குச் செடியில் நோய் விழுந்தது, மாமியாரின் வாய் என்று எல்லாம் வரும். பக்கத்து வீட்டுப் புஷ்பம் அத்தை வாரம் தவறாமல் தன் மகனுக்கு வேலை கேட்பார். எல்லாம் சொல்லி முடிந்ததும் தலைகள் அம்மா பக்கம் திரும்பும். "நீங்க பண்ணுங்கக்கா, நீங்க பண்ணுனாத்தான் எங்களுக்கு மனசு ஆறுது."

அடேயப்பா, அந்தக் குரல்! அம்மா ஜெபிக்க ஆரம்பித்தால் அதுவரை விசும்பிக்கொண்டிருந்தவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் தபால்காரர் கதவைத் தட்டினாலே பதறுகிற அந்த அம்மா, பெண்கள் வருவதற்குச் சற்றுமுன் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். "எங்கிட்ட ஒண்ணுமில்ல கண்ணு, வாயத் தொறக்கறது மட்டுந்தான் என் வேலை, மீதிய அவரு தர்றாரு" என்பார். இதையே பெண்களிடம் சொன்னால் அவர்கள் தாழ்மை என்று மெச்சிக்கொள்வார்கள். அந்தப் பலம் அம்மாவுடையதுதான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. குழாயில் தண்ணீர் கொட்டுகிறது என்பதற்காகக் குழாய்க்குள்ளேயே ஊற்று இருப்பதாக நினைத்தால் என்ன செய்வது?

எனக்கு ஒரு தம்பி பிறந்தான். அந்த வருஷ மழை தொடங்குமுன்பே போய்விட்டான், பெயர்கூட வைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "மத்தவங்களுக்குத் தைரியம் சொல்றவங்க, நீங்களே இப்படி இருக்கலாமுங்களா?" என்று கேட்டால் பாவம், அம்மா எங்கே போய் அழுவார்? அழவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். புதன்கிழமைக் கூட்டம் மட்டும் நிற்காமல் நடந்தது.

அப்படியொரு புதன்கிழமை பாஸ்டரம்மா வழக்கம்போலக் கேட்டபோது, "எனக்கு ஒரு குறிப்பு இருக்குதுங்க" என்றார் அம்மா. அதுவரை அவர் கேட்டதே இல்லை என்பதால் எல்லோரும் ஆவலாகத் திரும்பினார்கள். "கொஞ்ச நாளா எனக்கு ஜெபமே வர மாட்டேங்குதுங்க. வாயத் தொறந்தா வெறுங் காத்துதான் வருது. எனக்காக யாராச்சும் ஜெபம் பண்ணுங்க."

முதலில் சிரித்தது புஷ்பம் அத்தைதான். "உங்களுக்கே ஜெபமுங்களாக்கா? அப்பறம் நாங்கெல்லாம் எங்க போறது?" அறையே சிரித்தது. கேலிச் சிரிப்பாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அது அவ்வளவும் பிரியம், அதுதான் என் வயிற்றெரிச்சல். பாஸ்டரம்மா, "பாத்தீங்களா, இதுக்குப் பேருதான் தாழ்மை. எத்தனை வரம் இருந்தும் எப்படிப் பேசறாங்க பாருங்க" என்று அதையே ஒரு சின்னப் பிரசங்கம் ஆக்கிவிட்டு, "சரிங்கக்கா, நேரமாச்சு, முடிவு ஜெபம் நீங்களே பண்ணிருங்க" என்றார். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, புஷ்பம் அத்தையின் மகன், உருளைக்கிழங்கு, மாமியார் என்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்காகவும் ஜெபித்தார். அவருக்காக ஒருவரும் ஜெபிக்கவில்லை. டீ வந்தது.

என் அப்பா லாரி டிரைவர். கேரட்டும் பீட்ரூட்டும் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார், பகலில் தூங்குவார், கிறிஸ்துமஸுக்குத்தான் கோயில் பக்கம் தலைகாட்டுவார். அன்று உள்ளறையில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பெண்கள் போனதும் போர்வையோடு எழுந்துவந்து, "ஏம்புள்ள, நீ நெசமாத்தான கேட்ட?" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அப்பாவுக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. கையை எங்கே வைப்பது என்றே விளங்காமல், கடைசியில் இன்ஜின் சூடு பார்ப்பதுபோல அம்மாவின் உச்சந்தலையில் வைத்து, முதலாளியிடம் லீவு கேட்கிற குரலில், "சாமி, இவ ரொம்பச் சோந்து போயிட்டாளுங்க. நீங்கதான் பாத்துக்கோணும்ங்க" என்றார். ஆமென் சொல்ல மறந்துவிட்டார். அதை அம்மா சொன்னார். சொன்ன கையோடு, தம்பி போனபிறகு முதல்முறையாக, வாய்விட்டு அழுதார்.

மனிதன் ஒன்றுமில்லாமல் நிற்கும் இடத்தில்தான் தேவபலம் இறங்கும் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இறங்கியதைக் கண்ணால் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதற்குப்பின் அம்மா இரண்டொரு தடவை கேட்டும் அப்பா கூச்சப்பட்டு, "போ புள்ள, அன்னிக்கி ஏதோ ஒளறிட்டேன்" என்று லாரி கழுவப் போய்விட்டார். ஜெபம் பலசாலிகளின் வேலை என்று எண்ணிவிட்டார் மனிதர். அம்மாவைப் பார்த்துத்தான் அப்படி எண்ணினாரோ என்னவோ.

இன்று அப்பா இல்லை. காந்தல் வீட்டை இடித்து யாரோ லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்களில் பாதிப்பேர் கல்லறைத் தோட்டத்தில், மீதிப்பேர் பிள்ளைகளோடு கோவையிலும் திருப்பூரிலும். இப்போது யாரும் நனைந்துகொண்டு வருவதில்லை. ஜெபக் குறிப்புகள் போனில் வருகின்றன, கும்பிடும் கை ஒன்றைத் தட்டிவிட்டால் கடமை தீர்ந்தது. அம்மா குன்னூரில் என்னோடு இருக்கிறார். நினைவு முன்னும் பின்னுமாக அலைகிறது.

போன மாதம் ஒரு மழைச் சாயங்காலம், இத்தனை வருஷம் யாரும் கேட்காததை நானாவது கேட்போம் என்று பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்கு என்ன ஜெபக் குறிப்பு?" என்றேன்.

"புஷ்பம் பையனுக்கு வேலை கெடைக்கோணும்."

புஷ்பம் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பையன் வேலை கிடைத்து, ஓய்வும் பெற்றுவிட்டான்.

"அதில்லைங்கம்மா, உங்களுக்கு?"

மழைக்கு ஒதுங்கி முதல்தடவையாகக் கூட்டத்துக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கென்ன கண்ணு. நீ சொல்லு, உனக்கு என்ன? ஜெபிக்கலாம்."

மறுநாள் கோவை ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவரின் ரிப்போர்ட் வர வேண்டியிருந்தது. அம்மாவிடம் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன்.

சொல்லிவிட்டேன்.