இறுக்கிப் போட்ட வளையம்

அந்தக் கோடையில் எனக்கு இருந்தது ஒரே ஆசை. மறுபடியும் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது. ஆறு வருடம் கீழே லெவலில், சுரங்கத் தளத்தில், சம்மட்டிக் காம்புகளுக்கு இரும்புப் பூண் போட்டுக்கொண்டிருந்தவன் நான். கல்தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. இருமினால் ரத்தம் வந்தது. மனைவிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துணி துவைப்பவளுக்குத் தெரியாமல் போகுமா?

எங்கள் துரைக்குப் பறவைக் கிறுக்கு. எங்கள் சுரங்க ஊரான கோரமண்டலிலிருந்து வண்டியில் போனால் ஓர் ஏரி. அதன் நடுவே குட்டைக் கருவேல மரங்கள் நிற்கும் சின்னத் திட்டில் கோடைதோறும் கொக்குகள் கூடு கட்டும். குஞ்சுகளின் காலில் எண் வெட்டிய பித்தளை வளையம் மாட்டி, மறு வருடம் அவை திரும்புகின்றனவா என்று பார்க்க அவருக்கு ஆசை. மிஷன் பள்ளியில் நாலெழுத்து படித்தவன், வளையம் போடக் கை பழகியவன் என்று என்னை மேலே எடுத்தார். வேலை ஒழுங்காக இருந்தால் மேலேயே பட்டறையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று அவரைக் கும்பிட்டதுபோல நான் எந்தக் கோயிலிலும் கும்பிட்டதில்லை.

பரிசலில் திட்டுக்குப் போவோம். துரை தூரக்கண்ணாடியோடு உட்கார்ந்து எழுதுவார். குஞ்சைப் பிடிப்பதும் வளையம் போடுவதும் நான். எச்ச நாற்றத்துக்கு நடுவிலும் வெளிக்காற்றில் இருமல் கொஞ்சம் அடங்கியது.

பூண் தளர்ந்தால் சம்மட்டித் தலை கழன்று பக்கத்து ஆளின் மண்டையில் விழும். அதனால் மயிர் நுழைய இடமில்லாமல் இறுக்குவதுதான் எங்கள் தொழிலுக்கு அழகு. குஞ்சுகளுக்கும் அப்படியே போட்டேன். துரை ஒன்றைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார். குஞ்சு வளரும், காலும் பருக்கும் என்பது இரண்டு பிள்ளை பெற்ற எனக்குத் தோன்றவில்லை. அத்தனை புத்தகம் படித்த அவருக்கும் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்துப் போனோம். கூடுகளில் குஞ்சுகள் கால் வீங்கிக் கறுத்து, நிற்க முடியாமல் சரிந்து கிடந்தன. பாதி செத்திருந்தன. சதை வளையத்தை மூடியிருந்தது. குறட்டால் வெட்டப் பார்த்தேன்; முதல் குஞ்சின் கால் வளையத்தோடு கையில் வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குஞ்சுக்காக அழுதேனா, எனக்காகவா என்று இப்போதும் என்னையே கேட்டுப் பார்க்கிறேன். எனக்காகத்தான்.

துரை திட்டவில்லை. திட்டியிருந்தால் காலிலாவது விழுந்திருப்பேன். நோட்டை மூடிக்கொண்டு, திங்கட்கிழமை பழைய வேலைக்குப் போகும்படி மட்டும் சொன்னார்.

வீட்டில் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாரு தொரை? மேலயே வச்சிக்கினாரா?"

"திங்கக்கெழம காலை ஷிப்டு" என்றேன்.

சட்டியிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

"எங்கம்மா ஊட்டுக்கு ஆள் அனுப்பணும். உனக்கு ஒண்ணு ஆயிட்டா, நானும் புள்ளைங்களும் போய் நிக்க ஒரு எடம் வேணுமில்ல" என்றாள்.

அவள் கோபத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கழுநீரை வடித்து உலையில் அரிசியைப் போட்டாள்.