கிடங்கில் கொட்டிய உப்பு

என் வீட்டுக்குள் வருகிற யாராவது மூக்கை லேசாக உறிஞ்சினால் போதும், எனக்கு இருப்புக் கொள்ளாது. அவர்களுக்குச் சளி பிடித்திருக்கும், வேறொன்றும் இருக்காது. ஆனாலும் என் மனம் ஓடிப்போய்க் குளியலறையை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையணை உறை துவைத்ததுதானா என்று யோசித்துவிட்டுத்தான் திரும்பி வரும். பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது, இன்னும் இந்தப் புத்தி போகவில்லை.

நான் வளர்ந்த வீடு மரக்காணம் உப்பளங்களை ஒட்டி இருந்தது. வீட்டுக்கு மேற்கே ஒரு சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் கம்போஸ்ட் கிடங்கு. எழுபதுகளில் செப்டிக் டேங்க் என்பது வசதியானவர்கள் வீட்டுச் சமாச்சாரம். மற்ற வீடுகளில் எடுப்புக் கக்கூஸ்தான். விடிந்ததும் ஆட்கள் வந்து வாளியில் அள்ளி, வண்டியில் ஏற்றி, இந்தக் கிடங்கில் வெட்டிய பள்ளங்களில் கொண்டுவந்து கொட்டுவார்கள். மலத்தின்மேல் ஒரு அடுக்கு குப்பை, அதன்மேல் மறுபடி மலம், கடைசியில் மண். அப்படியே மாதக்கணக்கில் விட்டால் மக்கி எருவாகிவிடும். உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களிலிருந்து விவசாயிகள் வண்டி கட்டி வந்து வாங்கிப் போவார்கள். இதையெல்லாம் மேற்பார்க்கிற மேஸ்திரி என் அப்பா.

அப்பா தன் கையால் எதையும் தொட்டதில்லை. அள்ளுகிறவர்கள் வேறு, நாங்கள் வேறு என்று எங்கள் வீட்டில் அழுத்தமாகச் சொல்லிக்கொள்வோம். அந்த வித்தியாசமெல்லாம் காற்றுக்குத் தெரியாது. அப்பா சிவப்பு சோப்பு போட்டு இரண்டு தரம் குளித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். நாற்றம் அவர் சட்டையில் வரவில்லை, மேல்காற்றில் வந்தது. கொடியில் காயும் துணியில் ஏறியது, என் தலைமயிரில் ஏறியது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பினால், வெளியே என்ன இருக்கிறது என்று நான் பார்க்க மாட்டேன். என்னால்தான் திரும்புகிறாள் என்று முடிவே கட்டிவிடுவேன்.

கோடையில் நடுப்பகலுக்குக் கடல்காற்று ஏறும். அது நாற்றத்தை மேற்கே தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் ஊரெல்லாம் நல்ல காரியத்துக்குக் காலை நேரம் பார்த்தால், எங்கள் வீட்டில் மட்டும் மத்தியானம் பார்ப்போம். என்னைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்களையும் மூன்று மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கென்று கடல்காற்று ஏறவே இல்லை. அம்மா சாம்பிராணி போட்டாள், காப்பிக்கொட்டை வறுத்தாள். நாற்றத்தோடு சாம்பிராணியும் சேர்ந்து இன்னும் மோசமாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்காமலே என்னைப் பாடச் சொன்னாள். நானும் பாடினேன். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பொருத்தம் பார்த்த பிறகுதான் அவர்கள் வந்ததே. அடுத்து வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. அந்தக் காலக் கணக்கில் அது முற்றிப்போன வயசு.

மூன்றாவதாகக் கிளியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வருவதாக இருந்தது. சித்திரை மாதம், உப்பு வாரும் காலம். பள்ளங்களை மூட மண் காய்ந்து கெட்டிப்பட்டு வெட்ட வரவில்லை, குப்பையும் போதவில்லை. நாற்றம் குடலைப் பிடுங்கியது. இதுவும் கைவிட்டுப் போனால் அவளுக்குக் கல்யாணமே இல்லை என்று அம்மா அடுப்படியில் அழுதது எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அன்று சாயங்காலம் அவர் ஒரு யோசனையோடு வந்தார்.

"உப்பு போட்டா அடங்கிடும்."

வேறு ஊர்க்காரனுக்கு இந்த யோசனை வந்திருக்காது. எங்கள் கரையில் நாற்றம் என்றால் மருந்து உப்புதான். மீன் மிஞ்சினால் உப்பு, சாக்கடை நாறினால் உப்பு, தெருவில் நாய் செத்தால்கூட உப்பைப் போட்டுத்தான் புதைப்போம். உப்பளத்தில் சேறு கலந்த உப்பை யாரும் வாங்க மாட்டார்கள், வரப்போரம் சும்மா குவிந்து கிடக்கும். அதை வண்டி வண்டியாக அடித்துக் கிடங்கில் எல்லாப் பள்ளங்களின்மேலும் கொட்டச் சொன்னார் அப்பா. வாளி சுமக்கிற பெண்கள்தான் வெறுங்காலோடு நின்று அதை இறைத்தார்கள். அதில் ஒருத்தி தண்ணீர் கேட்டு எங்கள் வேலிக்கு வந்தாள். குடிக்கவில்லை, காலில் ஊற்றிக்கொண்டாள். விரலிடுக்கில் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. "எரியுதும்மா" என்றாள். நான் அவர்கள் வரும் அன்றைக்கு என்ன புடவை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாற்றம் நிஜமாகவே அடங்கியது. அவர்கள் வந்த அன்று காற்றும் ஒத்துழைத்தது. மாப்பிள்ளை என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா நல்ல உயரம், நெற்றியில் தழும்பு. பஜ்ஜியைத் தின்றுவிட்டு வாசலில் போய் நின்று மேற்கே பார்த்தார்.

"கிடங்கு அங்கதானே இருக்குது? வாடையே காணோமே. எரு நல்லா மக்கிடுச்சு போல."

மக்கிய எரு நாறாது, மண் மாதிரிதான் இருக்கும். நாறாத எருவைத்தான் விவசாயி தேடுவான். இது மேஸ்திரிக்குத் தெரியாதா என்ன.

"மக்கிடுச்சுங்க" என்றார் அப்பா.

"அப்போ நம்ம நாத்தங்காலுக்கு நாலு வண்டி ஒதுக்கி வையுங்க, சம்பந்தி."

சம்பந்தி என்று அவர் சொன்னது அப்போதுதான் முதல் தடவை. கதவுக்குப் பின்னால் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். கல்யாணமும் எருவும் ஒரே வாக்கியத்தில் முடிவாகிவிட்டன. எருவுக்கு இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அப்பா தலையை ஆட்டினார்.

வைகாசியில் கல்யாணம். அதற்கு முன்பே எரு வண்டி போய்விட்டது. அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "மேலாப்ல எல்லாத்தையும் சுரண்டிட்டு அடியில இருக்கறதைத்தான் குடுத்தேன். ஒண்ணும் ஆவாது." நடுவில் ஒரு கோடை மழை பெய்திருந்தது. அது உப்பைக் கரைத்து அடிவரைக்கும் கொண்டு போயிருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நினைக்கப் பயந்தாரோ என்னவோ.

கிளியனூர்ப் பக்கத்துக் காற்றில் வைக்கோலும் சாணியும்தான் இருந்தன. கல்யாணமாகி வந்த முதல் வாரம் நான் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன், பைத்தியம் மாதிரி. ஆனியில் நாற்றங்கால் விட்டார்கள். விதை முளைத்துப் பச்சை காட்டியது. பிறகு நுனி பழுத்தது. அதன்பிறகு பாத்தி பாத்தியாகச் சுருண்டு செத்தது. அத்தைக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போன நான் வரப்பில் நின்று பார்த்தேன். ஈரம் காய்ந்த இடமெல்லாம் மண்ணின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பளத்துப் பெண்ணுக்கு அதை இன்னொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஊர்க்காரர்கள் வேறு காரணம் கண்டுபிடித்தார்கள். "புது மருமவ கால் வச்ச நேரம்" என்று பக்கத்து வயல்காரி எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். அத்தை அவளிடம் சண்டைக்குப் போனாள். "எம் மருமவளைப் பத்தி பேசினா நல்லாருக்காது, ஆமா." எனக்காக அவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது. ராசி இல்லாதவள் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், நாற்றம் பிடித்த வீட்டுப் பெண் என்று தெரியாமல் இருந்தால் சரி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

ஆடி பிறக்க, என்னை அழைத்துப்போக அப்பா வந்தார். வெற்றிலை, பழம், புடவை, அதோடு ஒரு பை உப்பு. எங்கள் ஊரிலிருந்து யார் எங்கே போனாலும் ஒரு பை உப்பு கொண்டு போவதுதான் வழக்கம். மாமா அவரை உட்காரக்கூட விடாமல் வயலுக்குக் கூட்டிப் போனார். நான் மோர்ச் சொம்போடு பின்னால் போனேன்.

"விதை நல்ல விதைதான் சம்பந்தி. கிணத்துத் தண்ணிதான் உப்பா மாறிடுச்சோன்னு குடிச்சுப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்குது. இந்த மண்ணுலதான் என்னமோ இருக்குது" என்று சொல்லிக்கொண்டே மாமா குனிந்தார். ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி நாக்குக்குக் கொண்டு போனார்.

அந்த மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியும். ஆனால் மக்கிவிட்டது என்று மேஸ்திரி சொல்லியிருந்தாரே. மக்கினால் அது மண்தான், அதில் அவருக்கு அருவருப்பு ஒன்றுமில்லை. மக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் மாமா. வாயில வைக்காதீங்க" என்றேன். "அது உப்புதான்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீங்க என்னைப் பார்க்க வர்றீங்கன்னு, நாத்தம் தெரியக் கூடாதுன்னு, கிடங்கு முழுக்க உப்பு கொட்டினோம். எரு மக்கவே இல்ல மாமா."

கொட்டினார் என்று சொல்ல வாய் வரவில்லை. கொட்டினோம் என்றுதான் வந்தது. அப்பா நிமிரவே இல்லை.

மாமா வாய்க்காலில் கையைக் கழுவினார். வேட்டியில் துடைத்தார். கோபத்தில் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எருன்னா நாறத்தான் செய்யும்" என்றார். "நாங்க வழக்கமா வாங்கற இடத்துல இதைவிட நாறும். அதுக்கா சம்பந்தி?"

அப்பா செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்து நாற்றங்காலில் இறங்கி, வெள்ளை பூத்த மேல்மண்ணைச் சுரண்டிக் கூடையில் அள்ள ஆரம்பித்தார். "விடுங்க சம்பந்தி, ஆளுங்க பார்த்துக்குவாங்க" என்று மாமா இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பு வழியாக நடந்தார். கிடங்கில் எத்தனையோ வருஷமாகக் குடை பிடித்துக்கொண்டு நின்று மற்றவர்கள் தலையில் கூடை ஏற்றிவிடச் சொன்னவர். வியர்வையில் நனைந்த மண் அவர் காதோரம் வழிந்தது. நான் மோர்ச் சொம்பை வைத்துக்கொண்டு நின்றேன். போய் ஒரு கை பிடித்திருக்கலாம். நிற்கத்தான் முடிந்தது.

பஸ்ஸில் அப்பாவும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். கண்டக்டர் எங்கள் பக்கம் வந்தபோது அப்பா ஜன்னலோரமாக ஒதுங்கிக்கொண்டார். மரக்காணத்தில் இறங்கியதும், "சொல்லிட்ட, நல்லதுதான்" என்றார். அதன்பிறகு கிடங்கில் யாரும் உப்பு கொட்டவில்லை. நாற்றம் பழையபடி வந்தது.

ஆடி முடிந்து நான் திரும்பிப் போனபோது மாமா நாற்றங்காலில் உப்பு கரைந்து போகும்படி தண்ணீரை நிறுத்தி நிறுத்தி வடித்து, மறுபடி விதைத்திருந்தார். விஷயத்தை அவர் அத்தையிடம்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு வீட்டுக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. அத்தை அப்பாவின் உப்பைத்தான் குழம்புக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன நல்ல உப்பு என்று பாராட்டவும் செய்தாள்.

அடுத்த வருஷம் விதைப்புக்கு முன்னால், கொட்டகையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ஊர்ல இன்னும் உன்னைத்தான் சொல்றாங்கம்மா. கால் வச்ச நேரம், அது இதுன்னு. கேக்க எனக்கு நல்லால்ல. நடந்தது இதுதான்னு சொல்லிடட்டுமா?"

சொன்னால் என் பெயர் தெளிந்துவிடும். அதோடு கிடங்கும், உப்பும், எங்கள் வீட்டுக் காற்றும் ஊர் வாய்க்கு வந்துவிடும்.

"வேணாம் மாமா. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. "உன் இஷ்டம்மா" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

விதைக்கிற அன்று எல்லோரும் வயலுக்குப் போனார்கள். என்னை யாரும் வா என்று கூப்பிடவில்லை, நானும் கிளம்பவில்லை. காலி வீட்டில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. மறுபடியும் முகர்ந்து பார்த்தேன்.