எக்ஸ்ரே அக்காவின் இரண்டு நாள் விடுமுறை

கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வெளியே வரும் பெண்களை வாசலில் நிறுத்திச் சோதித்து அனுப்புவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. கொண்டைக்குள் ஒளித்த சின்னச் சுருள்கம்பியைக்கூடத் தடவிய மாத்திரத்தில் எடுத்துவிடுவாள். பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே அக்கா. வீட்டுக்கு வந்தாலும் அந்த எக்ஸ்ரே அணைவதில்லை.

அப்படிப்பட்டவளிடம் போய், தையற்காரரான அவள் கணவர், "சனி ஞாயிறு அந்தப் பூங்கா ஊருக்குப் போயிட்டு வருவோமா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து கடையைப் பூட்டி உட்கார்ந்தறியாத மனுஷன். தெருமுனையில் மரமே பூத்துக் கொட்டினாலும் நிமிர்ந்து பார்க்காதவர். இதில் என்னமோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. சரி என்றாள், கண்டுபிடிப்பதற்காகவே.

ஊரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு பூங்காவைத் தாண்டினால் அடுத்த பூங்கா. சாலைகள் கூடுகிற வட்டத்தின் நடுவில்கூட ரோஜாப் பாத்தி. எல்லாரும் பூவைப் பார்த்தார்கள், அவளோ கணவரைப் பார்த்தாள். தோள் பையை அவர் ஒரு நிமிஷம்கூடக் கீழே வைக்கவில்லை. பாத்திக்குப் பாத்தி நின்று, "இது என்ன நிறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உங்களுக்கு? மஞ்சள்!"

"எந்த மாதிரி மஞ்சள்?"

"மஞ்சள்னா மஞ்சள்தான். நடங்க."

பேச்சுக் கொடுத்தே தன்னைத் திசை திருப்புகிறார் என்று முடிவுகட்டினாள்.

தேநீர் வாங்கப் போய்த் திரும்பினால், மனுஷன் வேறொரு பெஞ்சில், பச்சை உடுப்புப் போட்ட யாரோ ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். அவளைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள்.

"நீயும் பச்சைதானே போட்டிருக்கே, நீன்னு நெனச்சுட்டேன்," என்றார்.

"இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளை அடையாளம் தெரியலையாக்கும்! காதுல பூ சுத்த வேற ஆளப் பாருங்க."

சாயங்காலம் விடுதி அறையில் அவர் குளிக்கப் போனதும் பையை எடுத்தாள். சட்டை, சீப்பு, துண்டு. அவ்வளவுதான். ஆனால் அடித் துணிக்குள் விரல் பட்ட இடத்தில் காகிதம் சரசரத்தது. உள்துணியைப் பிரித்து மறுபடி தைத்திருக்கிறது. தையல் மேலும் கீழுமாக, நக அகலத்துக்கு இடைவெளி விட்டு ஓடியது. ஒரு தையல் தப்பினாலும் சட்டைக் கை முழுவதையும் பிரித்துத் தைக்கிறவர் அவர். இது அவர் கைவேலையே இல்லை. அப்படியானால் எவள் கை?

பல்லால் கடித்துப் பிரித்தாள்.

கண் மருத்துவமனைச் சீட்டு. அவர் பெயர். வலது கண் போய்விட்டது, இடது கண்ணும் இந்த வருடத்துக்குள் போய்விடும், செய்வதற்கு ஒன்றுமில்லை. தேதி நான்கு மாதம் முந்தையது.

தையலை மறுபடி பார்த்தாள். அவர் கைதான். ஊரார் கொண்டையையெல்லாம் துழாவியவளுக்கு, ஒரே கட்டிலில் படுத்த மனுஷனிடம் இருந்தது தெரியவில்லை.

துண்டைத் தேடித் தடவிக்கொண்டே வந்தவர், விசும்பல் கேட்டு நின்றார். "பிரிச்சுட்டியா?"

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ அழுவே. இருக்கிற பார்வையோட ஒரு தடவை உன்கூடச் சும்மா சுத்தணும்னு தோணுச்சு."

மறுநாள் காலை அதே பூங்காவுக்குப் போனார்கள். திட்டு விழுமென்றோ என்னவோ, அவர் எந்த நிறத்தையும் கேட்கவில்லை. தொழிற்சாலை வாசலில் பெண்களைத் திருப்பி நிறுத்துவதுபோல அவள் அவர் தோளைப் பிடித்துப் பூக்கள் இருந்த பக்கம் திருப்பினாள்.

"இது மஞ்சள். நம்ம பொண்ணு பள்ளிக்கூடம் சேர்ந்தப்போ ஒரு சட்டை தைச்சீங்களே, அந்த மஞ்சள்."

"வெள்ளைக் காலர் வெச்சது?"

"அதேதான்."

அவர் தன் சட்டைக் காலரை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"அடுத்தது சொல்லு," என்றார்.